பழைய வண்டியும் மின்சார விசிறியும்

உழைக்கும் பொருள் யாதாயினும் அதனிடத்து உஷ்ணம் பிறப்பது இயற்கை. பிறந்த உஷ்ணம் உரிய காலத்தில் வெளியேறாவிடின், அவ்வுழைப்பே அப்பொருளுக்கு நாசகாரணமாய் முடியும். மனிதன் வேர்க்கின்றான், நாய் நாக்கை நீட்டி இரைக்கின்றது, மோட்டார் வண்டியோ தன் முகப்பிலுள்ள ரேடியேட்டரின் வழியே தன் சூட்டைக் காற்றினிடம் ஒப்புவிக்கின்றது. பழைய மோட்டார் வண்டி ஒன்றிற்கு மின்சார விசிறி பொருத்த எண்ணுவோர் எவற்றையெல்லாம் ஆராய்தல் வேண்டும் என்பதை இக்கட்டுரையில் இயன்ற அளவு விளக்கப் புகுகின்றோம்.

இவ்விஷயம் சென்னை நகரின் மேற்குப் புறத்தார்க்குப் பெரிதும் உரியது. பாடி, அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்கள் ஏரிகளாலும் வயல்களாலும் அறியப்பெற்ற காலம் ஒன்று இருந்தது. பின்னர் அவை இயந்திரங்களின் இருப்பிடமாயின. வண்டிகளுக்கு வேண்டிய மின்கருவிகளைச் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை பாடியில் தோன்றியது 1961-இல். அதே ஆண்டில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பெற்று, 1965-இல் விஜயந்தா என்னும் டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. சற்றுத் தெற்கே, வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி இயங்கி வந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் சிறு கார் 1961 முதல் அங்கே உருவாயிற்று. இங்கிலாந்தில் 1959-இல் பிறந்த டிரயம்ப் ஹெரால்டின் உடன்பிறப்பு இது. இத்தாலியரான மிகெலோட்டி வரைந்த வடிவம் உடையது. 948 கன சென்டிமீட்டர் அளவுள்ள நான்கு சிலிண்டர் இயந்திரம் கொண்டது. நான்கு கதவுகளுள்ள ஹெரால்டு நம் நாட்டில் மட்டுமே செய்யப்பட்டது. அக்கம்பெனி மறைந்து பல்லாண்டுகள் ஆகியும், அதன் வண்டிகளுள் சில இன்றும் அன்புடையார் சிலரால் பேணப்பட்டு வருகின்றன.

அத்தகைய அன்பர் ஒருவர் அம்பத்தூரில் வசிக்கின்றார். தம் தந்தையார் விட்டுச்சென்ற ஹெரால்டு வண்டியை அவர் ஒரு குடும்ப முதுசொம்மாகவே பாவித்து வருகின்றார். அவ்வண்டி விடியற்காலையில் எவ்வளவு தூரம் ஓட்டினும் குற்றமின்றி ஓடும். மாலையில், தொழிற்சாலைகள் விடும் நேரத்தில், திருவள்ளூர் நெடுஞ்சாலையில் பாடிக்கு அருகே வண்டிகளிடையே அகப்பட்டு நின்றால், கால் மணி நேரத்திற்குள் ரேடியேட்டர் கொதித்து ஆவி எழும்பும். இதற்குப் பரிகாரமாக, பட்டறைக்காரர் ஒருவர் பழைய விசிறியைக் கழற்றிவிட்டுப் பெரியதொரு மின்சார விசிறியைப் பொருத்தினார். கொதிப்பு நிற்கவில்லை, முன்னிலும் விரைவாய் வந்தது. அன்பர் மனம் கசந்து, வண்டியைப் பழைய இரும்பிற்கே போட்டுவிடலாமோ என்னும் அளவிற்கு வந்துவிட்டார். அவருக்கு நேர்ந்தது யாது என்பதைப் பின்னர்க் கூறுவோம். அதனை அறிதற்கு முன், விசிறி செய்யும் தொழில் இன்னதென்று தெளிதல் அவசியம்.

பெட்ரோல் எரிவதனால் உண்டாகும் சக்தியிற் பெரும்பகுதி சக்கரத்தை உருட்டப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடுகின்றது. மற்றொரு மூன்றில் ஒரு பங்கு சிலிண்டர்ச் சுவர்களைச் சூடேற்றி நீரினிடம் சேர்கின்றது. எஞ்சியதே நம்மை இழுத்துச் செல்கின்றது. நீரினிடம் சேர்ந்த சூட்டைப் பம்பு ரேடியேட்டருக்குக் கொணர்கின்றது. அங்கே மெல்லிய குழாய்களினூடு நீர் இறங்கும்போது, குழாய்களின் இடையே செல்லும் காற்று அச்சூட்டைக் கவர்ந்து செல்கின்றது. வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுங்கால் எதிர்க்காற்றே அவ்வேலைக்குப் பெரும்பாலும் போதும்; விசிறியின் உதவி வேண்டுவதில்லை. வண்டி நின்றுகொண்டும் இயந்திரம் ஓடிக்கொண்டும் இருக்கும் நேரமே விசிறிக்கு உரிய நேரம்.

பழைய வண்டிகளின் விசிறி இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருத்தலால், இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது அதுவும் மெதுவாகவே சுழலும். அதாவது, காற்று மிகுதியும் வேண்டிய வேளையில் குறைவாகக் கொடுக்கின்றது; காற்று வேண்டாத நெடுஞ்சாலையிலோ வீணே உழைக்கின்றது. விசிறியின் வேகம் இருமடங்கானால் அது உண்ணும் சக்தி எண்மடங்காகும். வேகம் நான்கு மடங்கானால் சக்தி அறுபத்துநான்கு மடங்காகும். மின்சார விசிறிக்கு இக்குறை இல்லை. இயந்திரம் நிமிஷத்திற்கு 700 முறை சோம்பிச் சுழலும்போதும் அது 2000 முறைக்கு மேற்பட்டுச் சுழலும், வேண்டாதபோது ஓய்ந்திருக்கும். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 முதலாக, இயந்திரம் குறுக்காக வைக்கப்பட்ட வண்டிகள் நம் சாலைகளிற் பெருகின. அவற்றின் இயந்திர அச்சு ரேடியேட்டரை நோக்கி அமையாமையால், விசிறியைத் தனி மின்மோட்டாரிற் சுழற்றுதலே எளிய வழியாயிற்று. அது கண்டு பழைய வண்டி வைத்திருப்போரும் அதனை விரும்பலாயினர்.

விருப்பம் தக்கதே. ஆயினும், நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்து என்று வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை, இயந்திர மருத்துவத்திற்கும் பொருந்தும். ஆகவே முதற்கண் ஆராயவேண்டிய வினா, வண்டி எங்கே கொதிக்கின்றது என்பது. பூவிருந்தவல்லியைத் தாண்டித் திருப்பெரும்பூதூர்ப் பக்கமாக நல்ல வேகத்தில் ஓடும்போதே சூட்டுமானி ஏறுமாயின், அங்கே காற்றுக்குக் குறைவில்லை. குற்றம் நீரோட்டத்திலோ இயந்திரத்திலோ உளது. அதற்கு எத்தனை பெரிய விசிறியும் பரிகாரமாகாது. நிற்கும்போது மட்டும் கொதித்து, ஓடத் தொடங்கியவுடன் தணியுமாயின், காற்றே குறைவு. அந்நோய்க்கே விசிறி மருந்து.

முதல்வகை நோய்க்குக் காரணங்கள் பல. உப்பு மிகுந்த கிணற்று நீரைப் பல ஆண்டுகள் ஊற்றி வந்தால், குழாய்களின் உட்புறம் பாறைபோல் உப்புப் படியும். வார்ப்பிரும்பு இயந்திரத்தின் துருவும் வந்து அடியிலே தங்கும். இயந்திரம் சூடேறிய பின் அதனை நிறுத்தி, ரேடியேட்டரின் முகப்பில் எச்சரிக்கையோடு கையை அணைத்துப் பார்த்தால், அடைபட்ட இடங்கள் குளிர்ந்திருப்பது புலனாகும். தீப்பொறி காலந்தாழ்த்து விழுதல், எரிபொருட் கலவையில் பெட்ரோல் குறைதல், பெல்ட்டுத் தளர்தல் ஆகியனவும் சூட்டை மிகுவிக்கும். ரேடியேட்டர் மூடியின் சுருள்வில் தளர்ந்திருத்தல் மற்றொரு காரணம். 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி சரியாயிருந்தால் நீர் ஏறத்தாழ 111 டிகிரி சென்டிகிரேடு வரை கொதியாது. மூடி கெட்டால் 100 டிகிரியிலேயே கொதிக்கும். அதுபற்றி வண்டிக்கு விதித்ததினும் வலிய மூடியை இடுதல் தகாது. பழைய ரேடியேட்டரும் ரப்பர்க் குழாய்களும் அதனைத் தாங்கா. இவற்றைச் சீர்செய்து, சுத்தமான நீரோடு துருத்தடுக்கும் குளிர்திரவத்தையும் சேர்த்த பின்னும் நின்றவிடத்துக் கொதிப்பு நீங்காவிடின், அப்பொழுது விசிறியைத் தேடிப் புறப்படலாம்.

புறப்படுமுன் ரேடியேட்டரின் நீள அகலங்களை அளந்து கொள்க. அதன் குறுகிய பக்கத்திற்குள் அடங்கும் விசிறிகளுள் பெரியதே ஏற்றது. அடுத்து, ரேடியேட்டருக்கும் இயந்திரத்தின் முன்னுருளைக்கும் இடையேயுள்ள வெளியை அளத்தல் வேண்டும். மின்மோட்டாரின் தடிப்பு போக ஓர் அங்குலமாவது எஞ்சுதல் நலம். ரப்பர்த் தாங்கிகளின்மீது அமர்ந்த இயந்திரம் தடை போடும்போது முன்னோக்கி அசையும் என்பதை மறத்தலாகாது. இடமிருப்பின் விசிறியை ரேடியேட்டருக்குப் பின்னே வைத்துக் காற்றை இழுக்கச் செய்தலே உத்தமம். முன்னே வைத்துக் காற்றைத் தள்ளச் செய்யலாம். ஆயின் வண்டி ஓடும்போது எதிர்க்காற்றிற்கு அவ்விசிறியே ஒரு தடையாகும்.

விசிறியைச் சூழ்ந்து ரேடியேட்டரின் முகம் முழுவதையும் மூடும் தகட்டுக் கூடு ஒன்று அவசியம். கூடில்லாத விசிறி தன் வட்டத்திற்கு நேராகவுள்ள பகுதியில் மட்டும் காற்றை இழுக்கும். நான்கு மூலைகளும் வாளாவிருக்கும். கூடு தகட்டோடு ஒட்டாமல் ஓரங்குல ஆழமேனும் விலகி நிற்க வேண்டும். சிலர் குழாய்களின் இடையே பிளாஸ்டிக் கம்பிகளைச் செருகி விசிறியை ரேடியேட்டரிலேயே தொங்கவிடுகின்றனர். அக்கம்பிகள் நாளடைவில் குழாய்களை உராய்ந்து ஓட்டையிடும். விசிறியின் பாரத்தைப் பக்கச் சட்டங்களே தாங்குமாறு பட்டைகளை அமைத்தல் முறை. அதனையும் புதுத் துளையிடாமல், உள்ள திருகாணித் துளைகளைக் கொண்டே அமைத்து, கழற்றிய பழைய விசிறியைத் திருகாணிகளோடு பத்திரப்படுத்துவாராயின், பின்வரும் சந்ததியார் விரும்பும்போது வண்டியை ஆதி நிலைக்கு மீட்க இயலும்.

விற்போர், தம் விசிறி நிமிஷத்திற்கு இத்தனை கன அடி காற்றை இழுக்கும் என்று கூறுவர். அவ்வெண் பெரும்பாலும் திறந்த வெளியில், எதிரே தடையொன்றுமின்றி அளந்தது. ரேடியேட்டரின் தடைக்கு எதிரே அது வெகுவாகக் குறையும். அதனினும் நம்பத்தக்க சாட்சி, விசிறி உண்ணும் மின்னோட்டம். உண்ணாமல் உழைப்பவர் உலகில் இல்லை. மூன்று ஆம்பியர் உண்ணும் விசிறி, பெட்டியின்மீது எத்தனை பெரிய எண் அச்சிட்டிருப்பினும், மிகுந்த காற்றைத் தராது. சிறு கார்களின் விசிறிகள் பொதுவாக 8 முதல் 12 ஆம்பியர் வரை கொள்ளும். புதுப்பேட்டைக் கடைகளிற் கிடைக்கும் மாருதி 800 வண்டியின் விசிறியைப் பலர் வாங்கிப் பொருத்துகின்றனர். அவ்வண்டியின் இயந்திரம் 796 கன சென்டிமீட்டர் ஆதலின், ஹெரால்டு போன்ற சிறு வண்டிக்கு அது அளவாக அமையும். பழைய விசிறியாயின் அச்சின் ஆட்டத்தையும், கார்பன் துண்டுகளின் தேய்வையும், ஓடும்போது கொள்ளும் ஆம்பியரையும் கடையிலேயே சோதித்தல் நன்று.

இனி, நம் அன்பரின் வண்டிக்கு வருவோம். வயது முதிர்ந்த மின்வேலைக்காரர் ஒருவர் அதனைப் பார்க்க வந்தார். வந்தவர் கருவி எதனையும் எடுக்கவில்லை. “ஐயா, ஒரு காகிதம் கொடுங்கள்” என்றார். இயந்திரத்தை ஓடவிட்டு, மின்விசிறி சுழலத் தொடங்கியதும், ரேடியேட்டரின் முன்னே அக்காகிதத்தைப் பிடித்தார். உள்ளே இழுக்கப்பட்டு ஒட்டவேண்டிய காகிதம் வெளியே பறந்து வீழ்ந்தது. விசிறி தலைகீழாய்ச் சுழன்று, இயந்திரத்தின் வெப்பக் காற்றையே ரேடியேட்டரினுள் தள்ளிக்கொண்டிருந்தது. வண்டி ஓடும்போதோ எதிர்க்காற்றோடு மல்லுக்கு நின்றது.

இதன் காரணம் நுட்பமானதன்று. பாட்டரியின் இரு முனைகளுள் ஒன்றை வண்டியின் இரும்புடலோடு சேர்த்துவிடுதல் வழக்கம். இக்காலத்து வண்டிகளில் உடலோடு சேர்வது எதிர்முனை. அக்காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் நேர்முனை. அன்பரின் வண்டியும் அவ்வாறே. பட்டறைக்காரர் இக்கால வழக்கப்படி கறுப்புக் கம்பியை உடலோடு இணைத்துவிட்டார். காந்தம் பொருந்திய இத்தகைய சிறு மோட்டாரில் மின்சாரம் எதிர்த்திசையிற் பாய்ந்தால், சுழற்சியும் எதிர்த்திசையாகும். கம்பிகள் இரண்டையும் மாற்றியவுடன் காகிதம் ரேடியேட்டரோடு ஒட்டிக்கொண்டது; அன்று மாலை வண்டி கொதியாமல் வீடு சேர்ந்தது.

கதை அதனோடு முடியவில்லை. சில நாட்கள் கழித்து, இரவு எட்டு மணிக்கு, அதே பாடியருகே, வண்டி குளிர்ந்தேயிருக்க, பாட்டரி அடங்கி இயந்திரம் நின்றுவிட்டது. பின்னே நின்ற வண்டிகளின் கூக்குரலுக்கிடையே அன்பர் தம் வண்டியைத் தள்ளிச்செல்ல நேர்ந்தது. ஈண்டே நாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்பும் பொருள் உளது. கோபுரம் கட்டத் தொடங்குமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பாராதவனைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையை வாசகர் அறிவர். விசிறி வாங்குவோர் பார்க்கவேண்டிய கணக்கு ரூபாய்க் கணக்கு மட்டுமன்று. ஆம்பியர்க் கணக்கும் ஆகும்.

அக்கால வண்டிகளில் மின்சாரம் உண்டாக்குவது டைனமோ. நல்ல வேகத்தில் அது தரக்கூடியது 19 முதல் 22 ஆம்பியர். இயந்திரம் சோம்பிச் சுழலும்போதோ அது அநேகமாக ஒன்றும் தருவதில்லை; மீட்டர்ப் பலகையில் சிவப்பு விளக்கு எரிவதே அதற்கு அறிகுறி. இரவில் நிற்கும் வண்டியின் செலவைக் கூட்டிப் பார்ப்போம். 45 வாட்டு முகவிளக்கு இரண்டும் 12 வோல்ட்டில் 7½ ஆம்பியர். பின்விளக்கு முதலியன 1½ ஆம்பியர். தீப்பொறிச் சுருள் ஏறத்தாழ 3 ஆம்பியர். மின்விசிறி 10 ஆம்பியர். ஆக, 22 ஆம்பியர். வரவு பூஜ்யம், செலவு 22. அரைமணி நேர நெரிசலில் 11 ஆம்பியர்-மணி செலவாகும். 40 ஆம்பியர்-மணி கொள்ளும் பாட்டரியில் நான்கில் ஒரு பங்கிற்கு மேல் அவ்வளவிலேயே போயிற்று. பாட்டரி பழையதாயின், அல்லது முதல்நாட் செலவு ஈடு செய்யப்படாதிருப்பின், ஒரு மணி நேரத்தில் வண்டி நின்றுபோதல் வியப்பன்று. மின்விசிறி மிகுதியாக வேண்டப்படும் வேளையும், டைனமோ கைவிடும் வேளையும் ஒன்றே என்பதை ஒருகாலும் மறத்தலாகாது.

ஆதலின் வண்டியுடையார்க்கு மூன்று வழிகள் உள. பழைய விசிறியையே வைத்துக்கொண்டு, கூடு அமைத்து, ரேடியேட்டரைத் துப்புரவு செய்தல் முதல்வழி; நெரிசலில் மிகுதியும் செல்லாத வண்டிக்கு இதுவே போதும். பழைய விசிறியோடு, 5 அல்லது 6 ஆம்பியர் கொள்ளும் சிறு விசிறி ஒன்றை முன்னே துணையாக வைத்தல் இரண்டாம் வழி. பகற்பொழுதில் ஓடும் வண்டிக்கு இது தகும். மூன்றாவது, டைனமோவை நீக்கி ஆல்டர்னேட்டரைப் பொருத்தி, முழு அளவுள்ள மின்விசிறியை வைத்தல். ஆல்டர்னேட்டர் இயந்திரம் மெதுவாகச் சுழலும்போதும் கணிசமான மின்சாரம் தரவல்லது. நாள்தோறும் நெரிசலிற் செல்லும் வண்டிக்கு இதுவே வழி. இக்காலத்து ஆல்டர்னேட்டர்கள் பெரும்பாலும் எதிர்முனை உடலோடு சேர்வதையே வேண்டுவன ஆதலின், பாட்டரியின் இணைப்பை மாற்றுவதோடு, ஆம்பியர்மானி, தீப்பொறிச் சுருள் ஆகியவற்றின் கம்பிகளையும், விசிறியின் கம்பிகளையும் மீண்டும் மாற்றவேண்டும். மாற்றிய பின் காகிதச் சோதனையை மறுபடியும் செய்க. பழைய விசிறியை நீக்கினும் பெல்ட்டை நீக்கலாகாது. நீர்ப்பம்பும் மின்சாரமும் அதனையே சார்ந்தவை.

இணைப்பு முறையில் அசட்டை உயிருக்கே அபாயமாகும். விசிறி தொடங்கும் கணத்தில் தன் வழக்கமான ஓட்டத்திற்கு இருமடங்கிற்கும் மேலாக இழுக்கும். அதனைப் பழைய சாவிப் பொறியின் வழியே செலுத்தினால் அதன் முனைகள் தீய்ந்துபோம். நூலுறையிட்ட முதிய கம்பிகளின் வழியே செலுத்தினால் நெருப்பே பற்றலாம். ஆகவே பாட்டரிப் பக்கத்திலிருந்து 2½ சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத தனிக் கம்பி, அதன் தொடக்கத்திலேயே 20 ஆம்பியர் பியூஸ், 30 ஆம்பியர் தாங்கும் ரிலே ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. ரிலேயைத் தூண்டும் சிறு கம்பி சாவியின் வழியே வரட்டும். இல்லையேல் வண்டியை நிறுத்திச் சென்ற பின்னும் விசிறி ஓடிப் பாட்டரியை வறிதாக்கும். விசிறியைத் தானே தொடங்கும் சூட்டுப்பொறியை மேற்குழாயில் அமைப்பின், இயந்திரத்தின் தெர்மோஸ்டாட்டைக் கவனித்துத் தேர்க. தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறப்பதாயின், விசிறி 92 டிகிரியளவில் தொடங்கி 87 டிகிரியளவில் நிற்பது பொருத்தம். 80 டிகிரியில் நிற்கும் பொறியை வைத்தால், நீர் அவ்வளவு குளிர்வதே அரிதாதலால், விசிறி ஓயாமல் ஓடும். பொறி பழுதுற்ற காலத்து உதவ, ஓட்டுவோர் கையருகே ஒரு சுவிட்சும், விசிறி ஓடுதலை அறிவிக்கும் சிறு விளக்கும் இருத்தல் நலம்.

நம் அன்பர் மூன்றாம் வழியையே தெரிந்துகொண்டார். பெரிய விசிறியை நீக்கி, ரேடியேட்டருக்கு இசைந்த அளவுள்ளதைக் கூட்டோடு பொருத்தி, ஆல்டர்னேட்டரும் வைத்தார். பழைய விசிறியும் டைனமோவும் எண்ணெய் தடவிய துணியிற் சுற்றப்பட்டு அவர் வீட்டுப் பரண்மீது இருக்கின்றன. தந்தையார் ஓட்டிய வண்டியைத் தாமும் ஓட்டி, மாலை வேளையில் பாடியைக் கடந்து, சூட்டுமானியை அடிக்கடி நோக்காமலே அவர் வீடு திரும்புகின்றார்.

புதிய கருவி எதுவும் பழைய உடலிற் சேரும்போது அதன் பலத்தை மட்டும் பார்த்தல் போதாது. அதனைப் போஷிக்க அவ்வுடலுக்கு வலிமை உண்டோ என்றும் பார்த்தல் வேண்டும். நோய் எதுவென்று அறிந்து, இடத்தை அளந்து, மின்சாரத்தின் வரவு செலவைக் கூட்டி, இறுதியில் ஒரு துண்டுக் காகிதத்தால் காற்றின் திசையைச் சோதித்துக் கொள்வார்க்கு ஏமாற்றம் இல்லை. முன்னோர் கையால் இயற்றிய பொருள்களை இவ்வாறு பொறுமையோடு பேணுதல், அவர்தம் உழைப்பிற்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனே ஆகும்.